தெருவுக்காக உழைத்தவருக்குப் பாராட்டு விழா: முதன்முறையாக எடுப்பவர்களுக்கு

எங்கள் குடியிருப்பில் போஸ்ட்மேன் ஐயாவுக்கு இரண்டு முறை பாராட்டு விழா நடந்தது. 2019 பொங்கலையொட்டி எடுத்த முதல் விழாவை இப்போது நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது. சிறப்பு விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் தாமதம். அதுவரை எழுபத்தைந்து வயது மனிதரை மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். பதினொரு பேர் பேசினார்கள். அவருடைய மனைவிக்கு ஆறாவது வரிசையில் இடம் கிடைத்தது. கடைசியில் ஏற்புரைக்கு மிஞ்சியது இரண்டு நிமிடம். "எல்லாருக்கும் வணக்கம், இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கணக்கு முடிக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அத்தனை பேர் பேசியும் அவர் செய்த ஒரு காரியத்தைக்கூட யாரும் சொல்லவில்லை. 'தன்னலமற்றவர்', 'சேவைச் செம்மல்', 'எளிமையின் சிகரம்' என்று எந்த ஊரில் எந்த மனிதருக்கும் பொருந்துகிற சொற்களையே பேசித் தீர்த்திருந்தோம். 2023-ல் மறுபடி எடுத்தோம், வேறு மாதிரி எடுத்தோம். இந்த இரண்டு விழாக்களிலும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் தெருவில் குழாயடிச் சண்டையைத் தீர்த்துவைத்த ஒரு அக்கா இருக்கலாம், பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துப் படிக்க வைத்த ஒரு வாத்தியார் இருக்கலாம். யாராக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

எங்கள் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் உதாரணங்கள் புரியும். தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் இடம். 1983-ல் அவர் இங்கே குடிவந்தபோது தெருவிளக்கு கிடையாது. தபால்காரர் என்பதால் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு மணியார்டர் வரும், யாருக்கு எதுவுமே வராது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். ரேஷன் அட்டை, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், பட்டா. 2004-ல் ஓய்வு பெற்ற பிறகு திங்கள்கிழமை தோறும் மனுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கே போக ஆரம்பித்தார். அப்போது காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் போக வேண்டும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆன பிறகு ரயிலிலேயே போய் வந்தார்.

முதலில் அவரிடம் கேளுங்கள்

ரகசியமாக ஏற்பாடு செய்து திடீரென்று மேடையில் ஏற்றுவது சினிமாவில் நன்றாக இருக்கும். வயதானவர்களுக்கு அது ஆகாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை நேரம், கண் ஆபரேஷன், சொந்தத்தில் ஒரு துக்கம் என்று நமக்குத் தெரியாத காரணங்கள் எத்தனையோ இருக்கும். இரண்டு பேர் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, நேரடியாகக் கேளுங்கள்.

"எதுக்குப்பா இதெல்லாம்?" என்றுதான் முதலில் பதில் வரும். அது கூச்சமா, உண்மையிலேயே வேண்டாம் என்பதா என்று பார்க்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய மனைவியிடமோ மகளிடமோ கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது விழாவுக்குக் கேட்கப் போனபோது எங்கள் ஐயா வேண்டாம் என்றார். அவர் வீட்டம்மாதான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "போன தடவை மாதிரி பண்ணாதீங்க, அதான் அவர் சொல்றார்." அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வழி காட்டியது. மேடை வேண்டாம், மாலை வேண்டாம், அரசியல்வாதி வேண்டாம், மதியத்துக்குள் முடிய வேண்டும். இவ்வளவுதான் அவர் வைத்த நிபந்தனைகள். எல்லாமே நியாயமானவை.

உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்பவரை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு விழா இல்லாமலே செய்யக்கூடியவை பல உண்டு, கீழே சொல்கிறேன்.

நாள் குறிக்கும்போது வயதைக் கணக்கில் எடுப்பது நம் வழக்கம். அறுபதுக்கு மணிவிழா, எழுபத்தைந்துக்குப் பவள விழா, எண்பதுக்கு முத்துவிழா. எண்பதைத் தாண்டியவரை ஆயிரம் பிறை கண்டவர் என்போம். பொது வேலைக்கு வந்து 25 வருடம், 50 வருடம் என்றும் எடுக்கலாம். ஆனால் வட்டமான எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாவுக்கு எண்பது முடியட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் அவர் படத்துக்கு மாலை போடும்படி ஆனது. அவர் காதால் கேட்க வேண்டியதை அவர் படத்துக்கு முன்னால் நின்று சொன்னோம்.

குழுவும் காசும்

ஐந்து பேர் போதும், ஏழுக்கு மேல் வேண்டாம். குழுவில் கட்டாயம் பெண்கள் இருக்க வேண்டும், இருபத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவராவது இருக்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு வையுங்கள். நாங்கள் ரூ.200 என்று வைத்தோம். இருபது ரூபாய் கொடுத்தவர் பெயரும் நோட்டில் ஏறியது. ஒரு காண்டிராக்டர் முழுச் செலவையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். சாக்கடை வேலை சரியில்லை என்று ஐயா பல தடவை மனுப் போட்டவர். அவருக்கான விழாவை அந்த மாதிரிக் காசில் எடுக்கக் கூடாது.

வரவு செலவை விழா முடிந்த வாரமே எழுதி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுங்கள்.

அவர் செய்ததைச் சேகரியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. மொத்த நேரத்தில் முக்கால் பங்கு இதற்கே போகட்டும். நாங்கள் இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டோம்.

அவரிடமே ஆரம்பியுங்கள். காலையில் போங்கள், களைப்பு இருக்காது. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போனில் ஒலிப்பதிவு செய்யலாம், அனுமதி கேட்டுவிட்டு. ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பேச்சு அறுந்துவிடும். "உங்க சேவையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் எதுவும் வராது. பொருளைக் காட்டிக் கேளுங்கள். பழைய போட்டோ, சங்கத்தின் பழைய ரசீதுப் புத்தகம், மனு நகல், முதல் தெருவிளக்கு நட்ட இடம். எங்கள் ஐயாவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருந்தது. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தின் எண், எந்த நாள் எரியவில்லை, எந்த நாள் புகார் கொடுத்தார், புகார் எண் என்ன, எந்த நாள் சரியானது என்று இருபது வருடத்துக்கு எழுதி வைத்திருந்தார். அதைப் புரட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். ஒரு கம்பத்துக்கு ஒரு கதை வந்தது.

அப்புறம் மற்றவர்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். சங்கத் தலைவர், செயலாளர், கோயில் தர்மகர்த்தா என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தெருக்கூட்டும் அம்மாவிடம் கேளுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம், வாட்ச்மேனிடம், ஆட்டோ ஸ்டாண்டில், வாடகைக்கு இருந்துவிட்டுக் காலி செய்துபோன குடும்பத்திடம் போனில் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர் புகுந்தபோது எங்கள் பகுதியும் மூழ்கியது. அன்று இரவு ஐயா செய்த ஒன்றைச் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. கட்டட வேலைக்கு வந்து கொட்டகையில் தங்கியிருந்த வடமாநிலக் குடும்பங்களை நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கழுத்தளவுத் தண்ணீரில் கயிறு கட்டி மூன்று குடும்பங்களைப் பள்ளிக்கூட மாடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அதைச் சொன்னவர் இஸ்திரி வண்டிக்காரர். கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்.

கேட்டதையெல்லாம் அப்படியே எழுதிவிடாதீர்கள். நினைவு தேதிகளை மாற்றிப் போடும். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போகிறதா, காகிதத்தில் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் மூன்று பேர், குடிநீர்த் தொட்டி கொண்டுவந்ததே ஐயாதான் என்றார்கள். அவரிடம் கேட்டபோது, "இல்லப்பா, அது எதிர்வீட்டு அம்மா அலைஞ்சு வாங்கினது, நான் மனு மட்டும்தான் எழுதினேன்" என்றார். அந்த அம்மா இப்போது இல்லை. விழாவில் அவர் பெயரையும் சொன்னோம். அவருடைய மகன் திருச்சியிலிருந்து வந்திருந்தார்.

இன்னொரு எச்சரிக்கை. பொது வேலை செய்தவரின் கதைகளுக்குள் மற்றவர்களின் கஷ்டம் ஒளிந்திருக்கும். யாருக்கு விதவை உதவித்தொகை வாங்கிக் கொடுத்தார், எந்த வீட்டில் அடிதடியை நிறுத்தினார், யார் பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்தார் என்பதெல்லாம் மேடையில் சொல்லும் விஷயம் இல்லை. சம்பந்தப்பட்டவரே முன்வந்து சொன்னால் சரி. இல்லையென்றால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், பெயரைச் சொல்லாதீர்கள். அவர் இத்தனை வருடம் காத்த ரகசியத்தை அவர் விழாவிலேயே நாம் உடைக்கக் கூடாது.

வாழ்த்து மடல் எழுதுவது

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் சில நடுகற்கள், அதாவது இறந்த வீரருக்கு நினைவாக நட்ட கற்கள், கிடைத்தன. தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்தவை, 2,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை. ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. கூடலூரில் மாடுகளைக் கவர நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த, பேடு ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று பொருள் சொல்கிறார்கள். பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது. ஒரு அடைமொழி கிடையாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது. இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்று அது செய்ததும் எழுதியிருக்கிறது. நாயாக இருந்தாலும் என்ன செய்தது என்று எழுதி வைத்தார்கள். நாம் மனிதரைப் பாராட்டும்போது அதை விட்டுவிட்டு 'செம்மல்', 'சிகரம்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மடலில் வினைச்சொற்கள் இருக்கட்டும். 'தன்னலமற்ற சேவையால் தரணி போற்றும் தகைமையாளரே' என்பதை எடுத்துவிட்டு, 'எங்கள் தெருவின் 41 விளக்குக் கம்பங்களுக்கும் எண் போட்டு, எரியாத ஒவ்வொரு இரவையும் நோட்டில் குறித்து, எரியும் வரை விடாமல் புகார் எழுதினீர்கள்' என்று எழுதிப் பாருங்கள். கூட்டத்தில் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அந்தக் கம்பத்துக்கு அடியில்தான் அவர் வீடு.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தாறு காரியங்கள், தேதியோடு. பெயரின் எழுத்து, முதலெழுத்து இரண்டையும் அவர் வீட்டு ஆவணங்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் அவரிடமே ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஐயா கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "கழுத்தளவு இல்ல, மார்பளவுதான்." மாற்றினோம்.

மரபுக் கவிதையில் வாழ்த்துப்பா வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருப்பார்கள். நல்ல தமிழாசிரியர் கிடைத்தால் எழுதட்டும், ஆனால் காரியங்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

என்ன கொடுப்பது

பொன்னாடை ஒன்று போதும். ஆளுக்கு ஒன்று போர்த்த ஆரம்பித்தால் முப்பது சேரும், அவர் வீட்டில் வைக்க இடம் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நினைவுப்பரிசுக்கும் அதே கதிதான். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொண்டுவாருங்கள் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடலாம். வருகிற புத்தகங்களைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ அவர் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். எங்களுக்கு அப்படி 160 புத்தகங்கள் சேர்ந்தன.

பொற்கிழி, அதாவது பணமுடிப்பு, கொடுக்கலாமா என்பது கொஞ்சம் கவனமாக யோசிக்க வேண்டிய கேள்வி. பொது வாழ்க்கையில் ஊறியவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தமிழக அரசின் 'தகைசால் தமிழர்' விருதோடு ரூ.10 லட்சம் தருகிறார்கள். 2021-ல் முதல் விருதைப் பெற்ற சங்கரய்யா அதை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். 2022-ல் பெற்ற நல்லகண்ணு தன் பணம் ரூ.5,000-ஐயும் சேர்த்து நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். இதற்கு மறுபக்கமும் உண்டு. மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை, பெண்கள் குழுவாகச் சேர்ந்து சேமிக்கும் களஞ்சியம் இயக்கத்தை வளர்த்தவர். 2001-ல் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர் காலில் விழுந்து வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்டவர், தனக்கு வாக்களித்த வீடு வரவில்லை என்று 2024-ல் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் தமிழக அரசு வீடு கட்டித்தர உத்தரவிட்டது. மாலை போட்டுவிட்டு வீடு ஒழுகுகிறதா என்று பார்க்காமல் வந்துவிடுகிறோமே, அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் குடும்பத்தில் ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். மருந்துச் செலவு, கூரை, காது கேட்கும் கருவி, ஏதாவது தேவை இருக்கிறதா? இருந்தால் விழாவுக்கு முன்னாலேயே, சத்தமில்லாமல், அதைச் செய்துவிடுங்கள். மேடையில் கவரை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். ஐயா வீட்டுக் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி இல்லை என்று மகள் சொன்னார். வெஸ்டர்ன் டாய்லெட்டும் இரண்டு கம்பியும் பொருத்திக் கொடுத்தோம். விழாவில் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

விழா நாள்

இடம்: தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டாம். ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும் என்று அவரே எத்தனை தடவை சண்டை போட்டிருப்பார். பள்ளி வகுப்பறையோ சமுதாயக் கூடமோ போதும். படி இல்லாத, கழிப்பறை பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பொது இடத்தில் அதற்கு அனுமதியே இல்லை. பேனர் வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர் போனதை நாம் மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் டீ கப்பும் வேண்டாம், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் மனு எழுதும் வெள்ளைத்தாளில் அழைப்பிதழைக் கையால் எழுதி வீடு வீடாகக் கொடுத்தார்கள், தபால் போடுவது மாதிரி. ஐயாவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

நேரம்: ஞாயிறு காலை பத்தரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடியுங்கள். அப்புறம் சாப்பாடு.

சிறப்பு விருந்தினரை அழைக்கலாமா என்று கேட்பார்கள். மாமன்ற உறுப்பினர், அதிகாரி, எம்.எல்.ஏ. வந்தால் தெருவுக்கு நல்லது என்று ஒரு எண்ணம். அழையுங்கள், ஆனால் ஓர் ஏற்பாட்டோடு: யார் வந்தாலும் வராவிட்டாலும் பத்தரைக்கு ஆரம்பித்துவிடுவோம், வருபவர் முன் வரிசையில் உட்கார்ந்து மூன்று நிமிடம் பேசலாம். இதை முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நடுவில் அவரும் அவருடைய மனைவியும் பக்கத்தில் பக்கத்தில், கைப்பிடி வைத்த நாற்காலியில். பொது வேலைக்குப் போன ஒவ்வொரு மனிதருக்குப் பின்னாலும் அர்த்த ராத்திரியில் கதவு தட்டுகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்த ஒருவர் வீட்டில் இருப்பார். அவரையும் நடுவில் உட்கார வைக்காத பாராட்டு விழா அரைகுறைதான். பெண் தலைவராக இருந்தால் கணவரை, பிள்ளைகளை, மாமியாரை, யார் தாங்கிப் பிடித்தார்களோ அவர்களை உட்கார வையுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து, இரண்டு நிமிட வரவேற்பு. பிறகு பேச்சாளர்கள் ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், ஒவ்வொருவரும் ஒரே ஒரு சம்பவம். யார் எந்தச் சம்பவம் சொல்வது என்று முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டால் சொன்னதையே சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆறு பேரில் ஒருவர் தெருக்கூட்டும் அம்மா, ஒருவர் இஸ்திரி வண்டிக்காரர். இஸ்திரிக்காரருக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை, மைக்கைப் பிடித்ததும் குரல் நடுங்கியது. "அன்னைக்கு ஐயா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, கயித்த விட்டுடாதடான்னு. நான் விடல" என்றார். வேறு எதுவும் சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கூடம் அமைதியாக இருந்தது.

அதன்பின் மடல் வாசிப்பு. வாசிப்பவர் நல்ல குரல்வளம் உள்ள இளையவராக இருக்கட்டும். ஏற்புரைக்கு நேரக் கட்டுப்பாடே வைக்காதீர்கள், அவர் பேசத்தான் கூடியிருக்கிறோம். எங்கள் ஐயா இருபத்தைந்து நிமிடம் பேசினார். பாதி நேரம் யார் யார் உதவினார்கள் என்று பெயர் சொன்னார். மீதி நேரம் பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வராத ஒன்பது வீடுகளைப் பற்றிப் பேசினார்.

ஒருவரை ஒலிப்பதிவுக்கு, ஒருவரைப் படத்துக்கு நியமியுங்கள். படம் எடுப்பவர்கள் எல்லோரும் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு அவர் முகமே தெரியாது. குழுப்படத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம்.

அரசு விருதுக்கு எழுதுவது

நீங்கள் சேகரித்த குறிப்புகள் இதற்கும் பயன்படும். பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். மத்திய அரசின் ராஷ்ட்ரீய புரஸ்கார் இணையதளம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். செய்த பணியை அதிகபட்சம் 800 சொற்களில் எழுதச் சொல்கிறார்கள். கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, வெயில் காலத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். அறிவிப்பு குடியரசு தினத்தையொட்டி வரும். இறந்தவர்களுக்கு மிக அபூர்வமாகத்தான் கொடுப்பார்கள் என்பதால் இருக்கும்போதே எழுதுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் கல்லூரி நூலகராக இருந்து சம்பளத்தையே தானம் செய்த பாலம் கல்யாணசுந்தரத்துக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, நினைவிருக்கும். தமிழக அரசும் பெண்களுக்கு ஆண்டுதோறும் ஔவையார் விருது தருகிறது. சுதந்திர தினத்தில் சிறந்த சமூக சேவகர்களுக்கும் விருதுகள் உண்டு. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கலெக்டர் கையால் நற்சான்றிதழ் கொடுப்பதும் வழக்கம். அதற்குக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் உட்பட. அங்கே ஒரு நன்றித் தீர்மானம் நிறைவேற்றினால் அது ஊராட்சிப் பதிவேட்டில் ஏறும். என்னைக் கேட்டால், பளபளப்பான கேடயத்தைவிட அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி பெரிது.

பெயர் நிற்கும்படி ஏதாவது

தெருவுக்குப் பெயர் வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும். மன்றத்தில் தீர்மானம் வேண்டும், நாளாகும், சில சமயம் தெருவுக்குள்ளேயே தகராறும் வரும். அதைவிட எளிதானவை இருக்கின்றன. பொது நூலகத்தில் ரூ.1,000 கட்டினால் புரவலர் ஆகலாம். அவர் பெயரில் கட்டிவிடுங்கள், அவர் பெயர் அங்கே நிற்கும். விழாவே வேண்டாம் என்று சொன்னவருக்குக்கூட இது சங்கடம் தராது. அரசுப் பள்ளியில் அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு சிறிய பரிசு வைக்கலாம். கொஞ்சம் பெரிதாகச் செய்ய வசதி இருந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தைப் பாருங்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வாசிப்பறை, பூங்கா, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் என்று அவர் எதற்காக அலைந்தாரோ அதையே கட்டலாம்.

நீங்கள் எடுத்த ஒலிப்பதிவையும் குறிப்பையும் ஒரே ஒருவர் போனில் விட்டுவைக்காதீர்கள். அச்சிட்டு ஒரு பிரதி அவர் வீட்டில், ஒன்று சங்கத்தில், ஒன்று நூலகத்தில். ஒலிப்பதிவை இரண்டு மூன்று பென் டிரைவில் போட்டு வையுங்கள்.

அடுத்த திங்கள்கிழமை

விழாவுக்குச் சில வாரங்கள் முன்னாலேயே நாங்கள் ஐயாவிடம் கேட்டோம்: "இப்ப நீங்க செய்யற வேலைல எதை எங்ககிட்ட தர்றீங்க?" முதலில் சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். விளக்குக் கம்ப நோட்டு, மழைக்காலத்துக்கு முன் கால்வாய் தூர்வார மனு, முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்களின் பட்டியல், நூலகச் சாவி, திங்கள்கிழமைப் பயணம். ஐந்து வேலை, ஐந்து பேர். யார் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை விழாவில் அவர் முன்னால் நின்று பெயரோடு சொன்னோம். உங்கள் விழாவில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். ஒரு வேலையை ஒருவருக்கு என்று கொடுங்கள், 'எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். முதல் மூன்று மாதம் அவர் கூடவே இருந்து பழகுங்கள். எந்த அலுவலகத்தில் எந்த மேசை, எந்த மனுவுக்கு என்ன நகல் இணைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதிவைத்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை, கூடப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கள்கிழமை என் பங்குக்கு வந்தது. விழா முடிந்த மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில், உதவித்தொகை நின்றுபோன இரண்டு பாட்டிகளோடு நின்றுகொண்டிருந்தேன். ஐயா தானும் வருவதாகச் சொல்லி, பையோடு வந்துவிட்டார். வண்டி வண்டலூரைத் தாண்டும் முன்பே நான் எழுதிய மனுக்களை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. தேதி போடலையேப்பா" என்று பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.